‘மனசுக்குச் சரியாப் படலை’: நல்லது கெட்டதைத் தீர்மானிப்பதில் உள்ளுணர்வுக்கு எவ்வளவு இடம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீர் முறை, மகளிர் குழுக் கடன், குத்தகைத் தகராறு, நிவாரணப் பட்டியல் என்று காவிரிப் படுகையில் நாலு பேர் கூடி நியாயம் பேச வேண்டிய இடங்கள் நிறைய. அங்கெல்லாம் ‘எனக்கு இது சரியாப் படலை’ என்ற பேச்சு வராமல் இருப்பதில்லை. அந்தப் ‘படுதல்’ எங்கிருந்து வருகிறது, எப்போது அதைக் கேட்கலாம், எப்போது அதைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்பதற்கான பதில்கள் இவை.

உள்ளுணர்வு என்று இங்கே எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு செயலைக் கண்டதும் கேட்டதும், காரணம் தேடுவதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிடும் ‘சரி’ அல்லது ‘தப்பு’ என்ற தீர்ப்பை. தமிழ் இதை அழகாகப் பிரித்து வைத்திருக்கிறது. ‘நான் அது தப்பு என்று முடிவு செய்தேன்’ என்றால் செய்தவர் நான். ‘எனக்கு அது தப்பாகப் படுகிறது’ என்றால் நான் ஒன்றும் செய்யவில்லை. பசிக்கிறது, வலிக்கிறது என்பது போல அது எனக்கு நேர்கிறது. வந்த வழி தெரியாது, வந்த வேகம் மட்டும் தெரியும். கூடவே உடம்பிலும் ஏதோ நடக்கும்: வயிற்றைப் பிசையும், நெஞ்சு உறுத்தும், முகம் சுளிக்கும்.

இரண்டு விஷயங்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பூனை குறுக்கே போனதும் ‘இன்று காரியம் ஆகாது’ என்று தோன்றுவது சகுன நம்பிக்கை. அது நடக்கப்போவதைப் பற்றியது, நியாயத்தைப் பற்றியது அல்ல. மனசாட்சி என்பது பெரும்பாலும் தன்னைப் பார்த்துத் தானே சொல்வது. நாம் பேசும் உள்ளுணர்வோ அடுத்தவரைப் பார்த்துத்தான் அதிகம் தீர்ப்புச் சொல்லும். சிக்கலும் அங்கேதான்.

முதலில் வருவது காரணமா, தீர்ப்பா?

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி, காரணம்தான் முதலில் என்று உளவியலாளர்கள் நினைத்தார்கள். லாரன்ஸ் கோல்பெர்க், மனிதர்களின் அறச் சிந்தனை மூன்று மட்டங்களில் ஆறு படிகளாக வளர்கிறது என்றார். ஒவ்வொரு படியையும் அவர் அளந்தது, ஒருவர் தன் முடிவுக்குச் சொல்லும் காரணத்தை வைத்து. ஆனால் 1739–40லேயே ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் நேர்மாறாகச் சொல்லிவிட்டார்: நல்லது கெட்டதை உணர்ச்சிதான் காட்டுகிறது, அறிவு அதற்கு ஊழியம் செய்கிறது என்று. 2001இல் அமெரிக்க உளவியலாளர் ஜொனாதன் ஹைட் அந்தப் பழைய வாதத்துக்கு ஆய்வுகளின் துணையோடு புது உயிர் கொடுத்தார். அவர் கணக்கில், தீர்ப்பு முதலில் வந்துவிடுகிறது. காரணம் என்பது கட்சிக்காரருக்காகப் பேசும் வக்கீல் மாதிரி பின்னால் வருகிறது.

அவரும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில் கேட்ட ஒரு கேள்வி இது: ஒரு பெண் வீட்டில் கிடந்த பழைய தேசியக் கொடியைத் துண்டாக்கி, யாரும் பார்க்காதபோது கழிவறையைத் துடைக்கிறாள். தப்பா? பிரேசிலிலும் அமெரிக்காவிலும் கேட்டார்கள். யாருக்கு என்ன கெடுதல் என்று சொல்ல முடியாமலேயே ‘தப்புதான்’ என்று நின்றவர்கள் பலர். பின்னாளில் இந்தத் திணறலையே தனியாக ஆராய்ந்தவர்கள் ஒரு திருத்தம் சொன்னார்கள்: ‘யாருக்கும் கெடுதல் இல்லை’ என்று கேள்வி கேட்டவர் சொல்வதைப் பதில் சொல்பவர் பல நேரம் நம்புவதே இல்லை, ஆகவே காரணமே இல்லாமல் பேசுகிறார்கள் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. நியாயமான திருத்தம்.

ஹைட்டின் மாதிரியில் பலரும் மறந்துவிடுகிற ஒரு பகுதி உண்டு. தனியாக உட்கார்ந்து யோசித்து ஒருவர் தன் உள்ளுணர்வை மாற்றிக்கொள்வது அரிது. இன்னொருவர் பேசக் கேட்டு மாறுவது அவ்வளவு அரிதல்ல. ஊர்க்கூட்டம் என்ற ஒன்று இருப்பதற்கு இதைவிட நல்ல நியாயம் தேவையில்லை. அந்தக் கூட்டத்தில் யார் வாய் திறக்க முடிகிறது என்பதுதான் மிச்சக் கேள்வி.

நெல்லைக் கடித்தே ஈரப்பதம் சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதுபோல நல்லது கெட்டதும் பழகப் பழகக் கைவந்துவிடாதா?

நல்ல கேள்வி. இந்தப் பக்கத்தில் மற்றதைப் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள்.

அரசு விவசாயிகளிடம் நெல் வாங்கும் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். குவியலுக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி நெல் எடுக்கிறார் அனுபவசாலி. உள்ளங்கையில் தேய்க்கிறார். ஒன்றை முன்பல்லில் வைத்துக் கடிக்கிறார். காய்ந்த நெல் ‘டக்’கென்று உடையும், ஈர நெல் சத்தமில்லாமல் நசுங்கும், இரண்டுக்கும் நடுவில் மந்தமாக ஒரு முறிவு இருக்கிறது, அதைத்தான் பழக வேண்டும். ‘பத்தொம்பது இருக்கும்’ என்கிறார். அடுத்த நிமிடம் ஈரப்பதமானியில் அதே நெல் போகிறது. வழக்கமான வரம்பு 17 சதவீதம். மழைக் காலங்களில் தளர்வு கேட்டுப் போராடிப் பெறுவதும் உண்டு. கருவி 18.6 காட்டுகிறது. பல்லுக்குத் தன் பிழை எவ்வளவு என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது. ஒரு நாளில் இப்படி ஐம்பது தடவை, ஒரு அறுவடையில் ஆயிரக்கணக்கில். பல் தேறாமல் என்ன செய்யும்?

டேனியல் கானெமனும் கேரி க்ளைனும் உள்ளுணர்வைப் பற்றி எதிரெதிர் முகாம்களில் இருந்த உளவியலாளர்கள். 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இரண்டு நிபந்தனைகளில் ஒத்துப்போனார்கள். ஒன்று, பார்க்கும் விஷயத்தில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். இரண்டு, அந்த ஒழுங்கைப் பழக வாய்ப்பும் தப்பு நடந்தால் உடனே தெரியும் வழியும் இருக்க வேண்டும். நெல் கடிப்பவருக்கு இரண்டும் உண்டு. அவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள்: ஒருவர் எவ்வளவு உறுதியாக உணர்கிறார் என்பது அவர் சொல்வது சரி என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

இப்போது அதே மனிதர், வரிசையில் நிற்கும் ஒருவரைப் பார்த்து ‘இவன் ஏமாத்துக்காரன், வியாபாரி நெல்லைக் கொண்டுவந்து நிக்கிறான்’ என்று நினைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சரிபார்க்க எந்தக் கருவி இருக்கிறது? திருப்பி அனுப்பப்பட்டவர் உண்மையான விவசாயியாக இருந்தால் அவர் வேறு நிலையம் போவார், அல்லது குறைந்த விலைக்குத் தனியாரிடம் விற்றுவிட்டு வீட்டுக்குப் போவார். ‘நீங்கள் நினைத்தது தப்பு’ என்று சொல்ல மறுநாள் வந்து நிற்க மாட்டார். அதனால் இருபது வருடம் கழித்து இவருக்குப் பல்லின் மீதும் நம்பிக்கை இருக்கும், ஆளை எடைபோடும் கண்ணின் மீதும் அதே நம்பிக்கை இருக்கும். முதலாவது திருத்தப்பட்டது. இரண்டாவது திருத்தப்படவே இல்லை. உள்ளிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அறத்தீர்ப்பில் திருத்தம் என்பது காயம்பட்டவரிடமிருந்துதான் வர வேண்டும். அவர் பொதுவாக நம் எதிரில் வாய் திறக்க முடியாதவராக இருப்பார். கீழே சொல்லும் வழிமுறைகள் எல்லாம் அந்தத் திருத்தம் வந்து சேர ஒரு வாய்க்கால் வெட்டுவதற்கானவை.

அப்படியானால் அனுபவசாலியின் வார்த்தைக்கு மதிப்பே இல்லையா?

உண்டு, கேள்வியைப் பிரித்துக் கேட்டால். ஒரு மகளிர் குழுவின் ஊக்குநர் ‘அவங்க கட்ட மாட்டாங்க’ என்று சொன்னால், அது நடக்கப்போவதைப் பற்றிய கணிப்பு. பத்து வருட வசூல் நோட்டு அவர் கணிப்பைத் திருத்தியிருக்கும், கேளுங்கள். ‘அவங்களுக்குக் கடன் கொடுக்காமல் இருப்பதுதான் நியாயம்’ என்று அதே மூச்சில் சொன்னால், அது வேறு வாக்கியம். கட்ட முடியாமல் போனதற்குக் கணவனின் மருத்துவச் செலவு காரணமா, புயலா, அலட்சியமா என்று கேட்ட பிறகுதான் அதற்கு வர வேண்டும். இரண்டு வாக்கியமும் ஒரே வாயிலிருந்து ஒரே தொனியில் வருவதால்தான் ஏமாந்துபோகிறோம்.

தலைமடைக்காரர், கடைமடைக்காரர் இருவருக்குமே தன் பக்கம்தான் நியாயம் என்று மனசாரத் தோன்றுவது ஏன்?

மேட்டூர் ஜூன் 12இல் திறந்தாலும் திறக்காவிட்டாலும், முறை வைத்துத் தண்ணீர் விடும் வாரங்களில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். இரவு பதினோரு மணி. கிளை வாய்க்காலின் மடையில் மண் நிரப்பிய இரண்டு சாக்கு கிடக்கிறது. டார்ச் வெளிச்சத்தோடு கீழ்ப்பக்கத்திலிருந்து ஒருவர் வருகிறார்.

‘ஏன் மாமா, இன்னிக்கு முறை எங்களுது. சாக்கப் போட்டு அடைச்சா எப்படி?’

‘தம்பி, நாத்து காயுது பாரு. ஒரு மணி நேரம்தான். உனக்கு விடிய விடிய ஓடப்போவுதுல்ல?’

மேலே இருப்பவர் பொய் சொல்லவில்லை. நாற்று காய்வது அவர் கண்ணெதிரே தெரிகிறது. மூன்று கிலோமீட்டர் கீழே வெடித்துக் கிடக்கும் வயல் தெரியவில்லை. கீழே இருப்பவருக்கு நேர்மாறு. எது கண்ணில் படுகிறதோ அதுதான் மனசில் ‘படுகிறது’.

1995இல் லிண்டா பாப்காக், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் முதலியோர் வெளியிட்ட பரிசோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு விபத்து நட்டஈட்டு வழக்கின் ஒரே கட்டு எல்லோருக்கும் தரப்பட்டது. தான் வாதியா பிரதிவாதியா என்று முன்கூட்டியே தெரிந்து படித்தவர்கள், எது நியாயமான தொகை என்பதில் வெகுதூரம் பிரிந்தார்கள். கட்டைப் படித்து முடித்த பிறகு தன் பக்கத்தை அறிந்தவர்களிடையே இடைவெளி குறைந்தது; உடன்பாடும் எளிதில் வந்தது.

வயல் இருக்கும் இடத்தை யாரும் மறந்துவிட்டு முறை பேச முடியாது. ஆனால் அதே குழுவினர் பின்னால் கண்ட இன்னொரு வழி இங்கே பயன்படும்: தன் கட்சியின் பலவீனங்களைத் தானே எழுதச் சொன்னால் பிடிவாதம் குறைகிறது. எதிராளியின் நிலையை யோசித்துப் பார் என்று சொல்வது வேறு. தன் வழக்கில் ஓட்டை எங்கே என்று எழுத வேண்டும், குறைந்தது மூன்று. ‘என் வயலுக்கு போர்வெல் இருக்கிறது’, ‘போன முறை நான் நாலு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டேன்’, ‘என் பங்கு வாய்க்காலை நான் தூர்வாரவில்லை’ என்கிற மாதிரி. தண்ணீர் வந்து மண்வெட்டி கையில் ஏறிய பிறகு இதைச் செய்ய முடியாது. முறைப் பட்டியல் போடும் கூட்டத்திலேயே செய்துவிட வேண்டும்.

ஒரே கணக்கைச் சொல்லும் விதத்தில் தீர்ப்பு மாறிவிடும் என்கிறார்களே?

மாறும், அதுவும் மோசமாக. 1981இல் கானெமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 600 பேரைத் தாக்கப்போகும் ஒரு நோயை வைத்துக் கேட்டார்கள். அதை வயலுக்கு மாற்றிச் சொன்னால் இப்படி: 600 ஏக்கர் சம்பா காய்கிறது. முதல் திட்டத்தில் 200 ஏக்கர் நிச்சயம் பிழைக்கும். இரண்டாவதில், மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் மொத்தமும் பிழைக்கும், மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பில் ஒன்றுமே பிழைக்காது. மூல ஆய்வில் 72 சதவீதம் பேர் நிச்சயமானதை எடுத்தார்கள். ‘200 பிழைக்கும்’ என்பதை ‘400 சாகும்’ என்று மாற்றிச் சொன்னதும் 22 சதவீதம் பேர்தான் அதை எடுத்தார்கள். கணக்கு அதேதான்.

ஆகவே கூட்டத்தில் வரும் எந்தத் திட்டத்தையும் இரண்டு விதமாகவும் கரும்பலகையில் எழுதுங்கள்: பிழைப்பது இவ்வளவு, போவது இவ்வளவு. ஒன்றை மட்டும் எழுதியவர் வேண்டுமென்றே செய்தார் என்று இல்லை. ஆனால் விளைவு ஒன்றுதான்.

வெள்ளத்தில் ஒரு ஊரைக் காக்க இன்னொரு பக்கம் கரையை வெட்டிவிடலாமா? ஷட்டரைத் திறப்பது மட்டும் ஏன் உறுத்துவதில்லை?

மெய்யியலில் இதற்கு ட்ராலி புதிர் என்று பெயர். 1967இல் ஃபிலிப்பா ஃபுட் தொடங்கிவைத்தது: ஓடிவரும் வண்டி ஐந்து பேர் மீது ஏறப்போகிறது, தடத்தை மாற்றினால் ஒருவர் மட்டும் சாவார். மாற்றலாம் என்பார்கள் பெரும்பாலோர். 1976இல் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் பாலத்தின் மேல் நிற்கும் ஒரு பருத்த மனிதரைத் தள்ளி வண்டியை நிறுத்தலாமா என்று கேட்டார். அங்கே பெரும்பாலோர் கூடாது என்பார்கள். உயிர்க் கணக்கு ஒன்றே. 2001இல் ஜோஷுவா கிரீன் குழுவினர் மூளைப் படம் எடுத்துப் பார்த்தபோது, கையால் நேரடியாகச் செய்யும் கேடுகளைப் பற்றி யோசிக்கையில் உணர்ச்சி சார்ந்த பகுதிகள் கூடுதலாக இயங்கின.

காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் மதகைத் திறந்து கூடுதல் வெள்ளத்தைக் கொள்ளிடத்தில் தள்ளுவது நீர் மேலாண்மை. கொள்ளிடக் கரையோரக் குடிசைகள் மூழ்கினால் ‘வெள்ளம் வந்தது’ என்று செய்தி வரும். அதே இரவில் நாலு பேர் கடப்பாறையோடு போய் எதிர்க்கரையை வெட்டினால் அது கொடுமை. நம் உள்ளுணர்வு இங்கே பாதி சரி. கரையை வெட்டுகிறவர்கள் யாரையும் கேட்கவில்லை, எச்சரிக்கவில்லை, கொள்ளிடம் எதற்காக இருக்கிறது என்று முன்பே ஒப்புக்கொண்ட ஏற்பாடும் அதற்கு இல்லை. ஆனால் மதகின் சக்கரத்தைச் சுற்றும்போது ஒன்றுமே உறுத்தாமல் இருப்பது சரியல்ல. கை தொலைவில் இருப்பதால் மட்டும் கேடு சிறிதாகிவிடாது. ஒலிபெருக்கி அறிவிப்பும் வாட்ஸ்அப் எச்சரிக்கையும் எத்தனை மணி நேரம் முன்பு போயின என்பதுதான் அங்கே கேட்க வேண்டிய கேள்வி.

அருவருப்பாக இருக்கிறது என்பதே ஒன்று தப்பு என்பதற்கு ஆதாரமா?

இல்லை. இந்த மண்ணில் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1987இல் ரிச்சர்ட் ஷ்வேடரும் சகாக்களும் புவனேஸ்வரத்தில் 39 நிகழ்ச்சிகளைச் சொல்லி எது எவ்வளவு தப்பு என்று கேட்டார்கள். தகப்பன் இறந்த மறுநாள் மூத்த மகன் முடி வெட்டிக்கொண்டு கோழிக்கறி தின்றான் என்பது மிகக் கடுமையான குற்றங்களில் ஒன்றாக வந்தது. சிகாகோவில் அதைக் குற்றமாகவே பார்க்கவில்லை. நம் ஊர்க்காரர் பலருக்குப் படிக்கும்போதே முகம் சுளித்திருக்கும். அந்தச் சுளிப்பு பொய்யல்ல. ஒரு சமூகம் சாவுக்குக் கொடுக்கும் மரியாதை அதில் இருக்கிறது. ஆனால் எது யாருக்கு அருவருப்பு என்பது கற்றுக்கொள்வது. கற்றுக்கொடுத்தவர்கள் யார் என்று கேட்க வேண்டும்.

பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் பண்ணையாளுக்குச் சாட்டையடியும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்தன. 1940களில் செங்கொடிச் சங்கம் எழுந்து எதிர்க்கும்வரை அது தப்பு என்று பண்ணைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த நல்லவர்கள் பலருக்கும் ‘படவில்லை’. 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, நிலக்காரர்களுக்கு அநியாயமாகப் பட்டது அந்தச் சட்டம்தான்.

1968 டிசம்பர் 25 இரவு, கூலிப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். மேல்முறையீட்டில் குற்றம்சாட்டப்பட்ட மிராசுதார்களை விடுவித்த உயர் நீதிமன்றம், நிறைய நிலமுள்ள பணக்காரர்கள் வேலையாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பக் கடினம் என்ற பொருளில் எழுதியது. ‘நம்பக் கடினம்’ என்பது சாட்சியம் அல்ல. பெரிய மனிதர் என்றால் இப்படி இருப்பார் என்று ஏற்கெனவே மனசில் இருந்த படம் அது.

ஒரு எச்சரிக்கை: கெட்ட நாற்றமுள்ள அறையில் உட்கார வைத்தால் மனிதர்கள் கடுமையாகத் தீர்ப்பளிப்பார்கள் என்கிற மாதிரிச் செய்திகள் ஒரு காலத்தில் பரபரப்பாக வந்தன. பின்னர் எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்தபோது அந்த விளைவு மிகச் சிறியது, அல்லது இல்லவே இல்லை என்றாகிவிட்டது. அருவருப்பு தீர்ப்பைக் கெடுக்கும் வழி அறை நாற்றம் அல்ல. ஆள் மீது ஒட்டிவைத்த முத்திரை.

மனுநீதிச் சோழன் கதை உள்ளுணர்வுக்கு எதிரான கதைதானே?

திருவாரூர் தியாகராசர் கோயிலை ஒட்டி நிற்கும் கல்தேரைப் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். இளவரசன் தேர்க்காலில் கன்று அகப்பட்டுச் சாகிறது, பசு மணியை அடிக்கிறது, அரசன் மகனையும் தேர்க்காலில் இடத் துணிகிறான். பெரியபுராணம் சொல்லும்போது நடுவில் ஒரு வாதம் வருகிறது. பிராயச்சித்தம் செய்தால் போதும் என்கிறார்கள் அமைச்சர்கள். அரசன் கேட்பது: வேறொருவன் ஓர் உயிரைக் கொன்றால் அவனைக் கொல்வேன், என் மகன் என்றால் மட்டும் தவம் செய்து தீர்ப்பதா?

பெயரை மாற்றிப் பார்க்கும் சோதனை இதுதான். தண்டனை சரியா என்பது வேறு. கன்றுக்காக ஒரு பிள்ளையைக் கொல்வதை இன்று யாரும் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. கதையில் அதிகம் பேசப்படாத ஓர் ஆள் உண்டு. தேரை ஓட்டும்படி ஏவப்பட்ட அமைச்சர், அதைச் செய்ய மனம் ஒப்பாமல் தன் உயிரை விட்டுவிடுகிறார். விதி சரியென்று ஒருவர் நிற்க, கை மறுக்கிறது என்று இன்னொருவர் நிற்க, கதை இருவரையுமே இழிவாகப் பேசவில்லை.

நிவாரண நேரத்தில் மனசு சொல்வதைக் கேட்டுக் கொடுப்பதில் என்ன தவறு?

கொடுப்பதில் தவறில்லை. எதைக் கொடுப்பது, யாருக்கு என்பதில்தான் மனசு சறுக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் வந்து குவிந்த பழைய துணி தெருவோரம் மலையாகக் கிடந்தது. மீனவக் குடும்பங்கள் அதைத் தொடவில்லை. இழந்தது வலையும் படகும். கொடுத்தவர்களின் இரக்கம் உண்மையானது, ஆனால் வாங்குபவரைக் கேட்கவில்லை.

பால் ஸ்லோவிக் முதலியோர் 2007இல் காட்டியது: பெயரும் முகமும் உள்ள ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் நன்கொடை, லட்சக்கணக்கானோர் பற்றிய புள்ளிவிவரத்துக்குக் கிடைப்பதில்லை. இந்த வேறுபாட்டை முன்கூட்டியே விளக்கிச் சொன்னால் என்ன ஆயிற்று தெரியுமா? புள்ளிவிவரத்துக்குக் கொடுப்பது கூடவில்லை. குழந்தைக்குக் கொடுப்பது குறைந்தது. யோசனை எப்போதும் ஆளை நல்லவனாக்கிவிடும் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம்.

நடைமுறையில்: ஒருவரின் கதை உங்களை எழுப்பிவிடட்டும். பட்டியலை அந்தக் கதை போடக் கூடாது. 2018 கஜா புயலில் தென்னை விழுந்த தோப்புக்காரர் கண்ணில் பட்டார். அந்தத் தோப்பில் தேங்காய் உரித்தவர், கீற்று முடைந்தவர் அவ்வளவாகப் படவில்லை. பட்டியல் முடிந்ததும் ‘இந்த மரத்தை நம்பி வேறு யார் பிழைத்தார்கள்?’ என்று ஒரு சுற்றுக் கேளுங்கள்.

கூட்டத்தில் ஒரு தகராறைத் தீர்க்கப் படிப்படியாக என்ன செய்வது?

ஓர் உதாரணம்: 14 பேர் உள்ள மகளிர் குழுவில் கணக்கில் 2,400 ரூபாய் குறைகிறது. பொருளாளர் மீது எல்லோர் கண்ணும் போகிறது.

முதலில், யாரும் பேசுவதற்கு முன், ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் இரண்டு நிமிடத்தில் எழுத வேண்டும்: என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறேன், அதில் எனக்கு உறுதி பத்துக்கு எத்தனை. எழுதத் தெரியாதவர் தன் நம்பிக்கைக்குரிய ஒருவர் காதில் சொல்லி எழுதட்டும். பேச்சு முதலில் தொடங்கினால், முதலில் பேசியவரின் உள்ளுணர்வு பதினான்கு பேரின் உள்ளுணர்வாகிவிடும். அதிகம் தவறிப்போகிற இடம் இதுதான்.

அடுத்து, ‘நடந்தது என்ன’, ‘செய்வது என்ன’ என்று இரண்டாகப் பிரியுங்கள். முதலாவதற்குப் பேரேடு, ரசீதுக் கட்டு, வங்கிப் பாஸ்புக் மூன்றையும் வரிசைக்கு வரிசை ஒப்பிடுங்கள். இத்தகைய குறைகளில் இரண்டு முறை எழுதிய வசூலும், எழுத விட்டுப்போன செலவும் அடிக்கடி அகப்படும். இது முடியும்வரை நியாயம் பேச வேண்டாம்.

பிறகு பெயரை மாற்றிப் பாருங்கள். இதே குறை, நாம் மதிக்கும் இன்னொருவர் பொறுப்பில் இருந்தபோது வந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? பதில் மாறினால், மாறிய அளவு முகத்துக்கு உரியது, செயலுக்கு உரியதல்ல.

குற்றம் சுமத்தப்பட்டவர் கடைசியில் பேசுவது வழக்கம். முடிவு ஏற்கெனவே கெட்டிப்பட்ட பிறகு பேசி என்ன பயன்? கணக்கு ஒப்பிட்டதும் அவரே முதலில் பேசட்டும். இழப்பு யார் தலையில் அதிகம் விழுகிறதோ அவர் அடுத்து.

அவசரம் இல்லையென்றால் ஓர் இரவு விடுங்கள். ஒன்றுக்கு மேல் வேண்டாம். வாரக்கணக்கில் விட்டால் தெருவில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். முடிவை இரண்டு வரியில் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் பார்க்கத் தேதியும் போடுங்கள். அன்று முதல் நாள் சீட்டுகளைப் பிரித்தால், எட்டு, ஒன்பது என்று உறுதி போட்டவர்களில் எத்தனை பேர் சரி என்று தெரியும். நெல் கடிப்பவருக்குக் கருவி செய்த வேலையை இந்தச் சீட்டு செய்யும்.

யோசிக்காமல் உள்ளுணர்வையே கேட்க வேண்டிய நேரம் உண்டா?

உண்டு. ஒருவர் ஒரு கொடுமைக்கு அழகழகாகக் காரணம் அடுக்கும்போது. ‘இப்பவே கையெழுத்துப் போடுங்க’ என்று அவசரப்படுத்தும்போது. எல்லாம் சட்டப்படி இருந்தும் வயிறு பிசையும்போது. மூளையின் முன்பகுதியில், கண்களுக்கு மேலே, அடிபட்டு அற உணர்ச்சி மங்கிய நோயாளிகள் மேற்சொன்ன பாலத்துப் புதிரில் ‘தள்ளிவிடலாம்’ என்று மற்றவர்களைவிட அதிகம் சொன்னதாக 2007 ஆய்வு ஒன்று காட்டியது. உணர்ச்சி இல்லாத தராசு நேராக நிற்கும் என்று எண்ண வேண்டாம்.

எங்கள் கணிப்பில் ஒரு கோடு போடலாம். ‘நிறுத்து, பார்’ என்று உள்ளுணர்வு சொன்னால் கேளுங்கள். நின்று பார்ப்பதால் போகிறது ஒரு நாள். ‘தண்டி, விலக்கு, துரத்து’ என்று சொன்னால் ஆதாரம் கேளுங்கள்.

குழந்தைக்கு நல்லது கெட்டது பிறவியிலேயே தெரியுமா?

2007இல் வந்த ஓர் ஆய்வு, ஆறு மாத, பத்து மாதக் குழந்தைகள் உதவும் பொம்மையைத் தடுக்கும் பொம்மையைவிட விரும்பின என்றது. பின்னர் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து பெரிய அளவில் செய்து பார்த்தபோது அந்த விருப்பம் தென்படவில்லை. எனவே இப்போதைக்கு அடித்துப் பேச வேண்டாம்.

முடிவு எடுக்க முடியாதபோது கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது உதவுமா?

உதவும், ஆனால் நினைக்கிற விதத்தில் அல்ல. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சந்நிதியில் போட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். இரு பக்கமும் சமமாக நியாயம் இருந்து, யாருக்கு முதல் தண்ணீர் என்பது போன்ற ஒரு விஷயத்தில், சீட்டுப் போடுவது போலவே இதுவும் நேர்மையான வழி. ஒருவரைக் குற்றவாளி என்று முடிவு செய்ய இதைப் பயன்படுத்தக் கூடாது.

பொட்டலம் பிரியும் அந்த நொடியில் குழந்தையின் கையைப் பார்க்காதீர்கள், உங்களைப் பாருங்கள். வெள்ளை வந்ததும் ‘சரியா குலுக்கலை, இன்னொரு தடவ பாக்கலாம்’ என்று வாய் வந்தால், மனசுக்கு என்ன பட்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு போய்ச் சீட்டில் எழுதி, பத்துக்கு எத்தனை என்று போடுங்கள்.